ஜிப்ஸி: 65-ல் ஸ்டீயரிங் உதறுகிறது, ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே ஏற்றும் வேலையை இப்போது செய்யலாமா?

கெடிலக்கரை (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி கிங், எம்ஜி413டபிள்யூ, சாஃப்ட் டாப், மலைப்பக்கம் ஓடிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு மஞ்சக்குப்பம். பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பு இருக்கிறது, வாரம் தவறாமல் போவேன். மழை பெய்தால் தோப்புப் பாதையில் செம்மண் அரித்துவிடும், டிராக்டர் டயர் போன தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும், அந்த மேடு டிஃபரென்ஷியலில் (ஆக்சில் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டி) இடிக்கிறது. பட்டறையில் கேட்டால் பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே தூக்கி வைத்து வெல்டு பண்ணிவிடலாம், ஐந்து இன்ச் உயரம் கிடைக்கும், 31 இன்ச் டயரும் போடலாம் என்கிறார்கள்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பாண்டி ரோட்டில் 60, 65-ல் போகும்போது பெண்ணையாற்றுப் பாலத்து இணைப்பில் முன் சக்கரம் தட்டினால் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்துவிடுகிறது. கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி ஆட்டம், 30-க்குக் கீழே இறக்கினால்தான் நிற்கிறது. வீல் பேலன்ஸ் பார்த்தாச்சு, மாற்றம் இல்லை. புது ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். லிஃப்ட் (அந்த உயரம் கூட்டும் வேலை), டயர், டேம்பர் எல்லாவற்றையும் ஒரே வேலையாக முடித்துவிடலாமா? ஒரு தகவல், 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாறு ஊருக்குள் வந்தபோது ஆக்சில் மூழ்குகிற தண்ணீரில் இந்த வண்டியைத்தான் ஓட்டினோம்.

உப்புக்காத்து (வில்லியனூர்):

தம்பி, லிஃப்ட் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முன்பக்கம் ஒரே ஹவுசிங்கில் (ஆக்சிலை மூடிய இரும்புக் கூடு) இரண்டு சக்கரமும் கட்டியிருக்கிற வண்டியில் இந்த உதறல் வரும், டெத் வாபிள் என்பது இதுதான். ஒரு சக்கரம் வாங்கிய அடி, இரண்டையும் இணைக்கும் டை ராட் வழியாக அடுத்த சக்கரத்துக்குப் போய்த் திரும்பி வரும். வழியில் எங்காவது ஆட்டம் இருந்தால் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும். புது டேம்பர் போட்டால் கொஞ்ச நாள் தெரியாது, அவ்வளவுதான், உள்ளே தேய்வது தேய்ந்துகொண்டே இருக்கும். காசை அதில் போடாதீர்கள்.

வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். வண்டி தரையில் நிற்கட்டும், ஒருவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் கீழே படுத்து டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி), டை ராட் இரண்டின் எண்டுகளிலும் (முனை மூட்டுகள்) ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள். தேய்ந்த எண்டு கைக்குள்ளேயே டக் டக் என்று இடிக்கும், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படியே ஸ்டீயரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், பெரிய டயர் போட்டு ஓட்டிய ஜிப்ஸிகளில் அங்கே விரிசல் விடுவது உண்டு.

அப்புறம் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அமுக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் அமுக்கியதும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், இருந்தால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங். பிரேக் ஹப்பையும் (சக்கரம் மாட்டும் பாகம்) நக்கிளையும் (கிங்பின்னில் திரும்பும் பாகம்) ஒன்றாகப் பிடித்துவிடும், அதற்கு அப்புறமும் ஆடுகிறது என்றால் ஆடுவது நக்கிளேதான். வெள்ளத்தில் ஓடிய வண்டி என்று சொல்லிவிட்டீர்கள், என் சந்தேகம் அங்கேதான். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

செம்மண் (விருத்தாசலம்):

வணக்கம் நண்பரே. ஸ்பிரிங்கை மேலே ஏற்றிய ஜிப்ஸி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, நல்ல வண்டி, நான் விற்க மாட்டேன். ஆனால் உங்கள் தோப்பு வேலைக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் உங்கள் தொல்லை டிஃபரென்ஷியல் மேட்டில் இடிப்பது. ஸ்பிரிங்கை எங்கே வைத்தாலும் பாடிதான் மேலே போகும், டிஃபரென்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். ஆக்சிலுக்கு அடியில் தொங்கும் ஸ்பிரிங்கும் யு போல்ட் பிளேட்டும் மேலே போய்விடும் என்பது உண்மை, அது பாறையில் உதவும், நடுமேட்டுக்கு உதவாது. டிஃபரென்ஷியலைத் தூக்குவது டயர் மட்டும்தான். கணக்கைப் பாருங்கள், ஜிப்ஸியின் வழக்கமான 205/70 ஆர்15 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 668 மி.மீ., 215/75 ஆர்15 போட்டால் 703 வரும், 235/75 போட்டால் 733. வித்தியாசத்தில் பாதிதான் ஆக்சிலுக்குக் கிடைக்கும், அதாவது 235 போட்டால் 32 மி.மீ. உயரும், 215-க்கு 17 தான். 235-ல் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 66-ல் போய்க்கொண்டிருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

மேலே ஏற்றுவதென்றால் பட்டறைக்காரர் சொல்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. பாடி ஐந்து இன்ச் உயர்ந்ததும் டிராக் லிங்க் மிகச் சரிவாகச் சாய்ந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் மேலே போகும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். அதற்கு இசட் மாதிரி வளைத்த டிராக் லிங்க் போடுவார்கள், கெட்டிக் குழாயில் நல்ல வெல்டராகப் பார்த்துச் செய்ய வேண்டும், மெல்லிய குழாயை வளைத்துக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள், அது உடைந்தால் கையில் ஸ்டீயரிங் இருக்கும், திரும்பச் சக்கரம் இருக்காது. பிரேக் ஹோஸ் நீளமானதாக மாற்ற வேண்டும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) கோணம் கூடும். அதைச் சரிசெய்ய முன் ஹவுசிங்கைத் திருப்பிப் பினியனை (அந்த ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) மேலே தூக்கினால் காஸ்டர் (கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்துவிடும், காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வராது, உங்களுக்கு இப்போது இருக்கும் உதறல் இன்னும் மோசமாகும். பினியன் கோணமும் காஸ்டரும் ஒரே இரும்பில் இருக்கின்றன, ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும். மேலே ஏறிய ஸ்பிரிங் லோ கியரில் மிதித்தால் முறுக்கிக்கொள்வதும் உண்டு, பின்னால் அதற்குத் தனியாக ஒரு பார் போட வேண்டிவரும்.

ஷாக்கிளை (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் பட்டை) மட்டும் நீளமாக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஜிப்ஸியில் முன் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது, அதை நீட்டினாலும் காஸ்டர் குறையும். வேண்டாம்.

ஊசுட்டேரி (புதுச்சேரி):

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். ஆக்சிலில் வெல்டு பண்ணிய வண்டி நாளைக்கு யார் மேலாவது மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், உயரம் கூட்டியதும் எல்லாருக்கும் தேவனாம்பட்டினம் பக்கமோ வீராம்பட்டினம் பக்கமோ மணலில் இறக்கிப் பார்க்க ஆசை வரும். அது மீனவர்கள் வலை காயவைக்கும் இடம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரையும் அதுதான். தயவுசெய்து இறக்க வேண்டாம்.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. உப்புக்காத்து அண்ணன் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை தம்பியை உட்காரவைத்துப் பார்த்தோம். டிராக் லிங்கில் பாக்ஸ் பக்கத்து எண்டு விரலில் இடித்தது. வலது சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் நல்ல ஆட்டம், பிரேக் அமுக்கிய பிறகும் அப்படியே இருந்தது. இடது பக்கம் பரவாயில்லை.

அப்புறம் மெக்கானிக்கைக் கூட்டிவந்து வலது நக்கிளைப் பிரித்தோம். மேல் பேரிங் தேய்மானம்தான், கீழே இருந்தது வேறு கதை. கிரீஸ் துரு கலந்து செங்கல் நிறமாகக் கெட்டியாகியிருந்தது, துடைத்துப் பார்த்தால் பேரிங் கோப்பையில் (உருளைகள் ஓடும் வெளி வளையம்) உருளை உருளையாகப் பள்ளம் பதிந்திருக்கிறது, நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் மாட்டி மாட்டிப் போகிறது. நக்கிளுக்குள் இருக்கும் வழுவழுப்பான உருண்டையிலும் துருப் புள்ளிகள். டிஃபரென்ஷியல் ஆயில் நல்ல நிறத்தில்தான் இருக்கிறது. மெக்கானிக் பேரிங் மட்டும் மாற்றினால் போதும், கோப்பையைத் தட்டி எடுப்பது வேலை அதிகம் என்கிறார். போதுமா? டயர் 235 போடுவதா 215 போடுவதா?

உப்புக்காத்து:

போதாது தம்பி. பள்ளம் விழுந்த கோப்பையில் புது பேரிங் வைத்தால் உருளைகள் அந்தப் பள்ளத்திலேயே போய் உட்காரும், ஸ்டீயரிங் நடுவில் ஒரு இடத்தில் பிடித்துப் பிடித்து விடும். கோப்பையோடு மாற்றச் சொல்லுங்கள், மேலும் கீழும், இரண்டு பக்கமும். இடது பக்கமும் அதே தண்ணீரில்தான் ஓடியது.

பொருத்தும்போது ஷிம்மில்தான் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) வேலை இருக்கிறது. கிங்பின் அடியில் ஷிம்மைக் குறைத்தால் இறுக்கம் கூடும், கூட்டினால் தளரும். டை ராடைக் கழற்றிவிட்டு, ரப்பர் சீல் போடுவதற்கு முன்பே, நக்கிள் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து இறுக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. கையால் ஆட்டிப் பார்த்து 'டைட்டாத்தான் இருக்கு' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சீல் போட்ட பிறகு அதன் பிடிமானமும் சேர்ந்து ஏமாற்றும்.

உருண்டையின் துருவை மெல்லிய எமரி பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், புள்ளி ஆழமாக இருந்தால் புது சீலைச் சீக்கிரமே அறுத்துவிடும், அதனால் பொறுமையாகச் செய்யுங்கள். உள்ளே ஆக்சில் சீலையும் மாற்றிவிடுங்கள், அது போனால் டிஃபரென்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். உள் ஜாயிண்ட்டுக்கு மாலிப்டினம் கிரீஸ், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும், திணித்தால் சீல் வழியாக வெளியே தள்ளும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள், அடுத்த வெள்ளத்துக்கு அதுதான் முக்கியம்.

ஒன்று மறந்துவிட்டேன். கடலூர்க் காற்றுக்கு அடிப்பக்கம் பழைய எஞ்சின் ஆயில் அடித்துவிடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. இரும்புக்குச் சரி, ஸ்பிரிங் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ரப்பர், ஆயிலில் ஊறி உப்பிப்போகும். தோப்பிலிருந்து வந்ததும் பட்டைகளுக்கு இடையில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும்.

செம்மண்:

டயர் 215/75 போடுங்கள். 235 போட்டால் ஸ்டீயரிங் முழுக்கத் திருப்பும்போது எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டும், கிங்பின் மேல் சுமையும் கூடும், இப்போதுதான் அதைப் புதிதாகப் போடப்போகிறீர்கள். 17 மி.மீ. போதவில்லை என்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள், பழைய வண்டியில் பட்டைகள் படுத்துப்போயிருக்கும், பாடி தாழ்ந்து பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடிப்பதையும் சேர்த்துத்தான் உயரம் இல்லை என்று நினைக்கிறோம். புது செட், புது புஷ், புது சென்டர் போல்ட் போட்டு, கொஞ்ச தூரம் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்கிவிடுங்கள். நடுமேட்டுக்கு என்றால் ஒரு சக்கரத்தை மேட்டின் மேலும் இன்னொன்றைத் தடத்துக்கு வெளியிலும் வைத்து ஓட்டுவதுதான் நாங்கள் செய்வது, மழை முடிந்ததும் டிராக்டர் பிளேடை ஒரு நடை விட்டு மேட்டைச் சீவிவிடுவோம்.

கெடிலக்கரை:

சரி, இரண்டு பக்கமும் கோப்பையோடு பேரிங், சீல் எல்லாம், டிராக் லிங்க் எண்டு இரண்டும் சொல்லிவிட்டேன். லிஃப்ட் வேண்டாம் என்று பட்டறையிலும் சொல்லியாச்சு. ஸ்பிரிங் தராசு இங்கே மெக்கானிக்கிடம் இல்லை, துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தொங்கு தராசு கிடைக்கும், ஒரு கிலோவுக்கும் குறைவான அளவையும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து எடுத்துவருகிறேன்.