இது அந்தக் காபரே இல்லை, சித்தப்பா

முரளி சித்தப்பா: கவிதா, நியூயார்க்கில் காபரே பார்க்கப் போனதாக எழுதியிருக்கிறாயே, அண்ணனுக்கு இது தெரியுமா?

கவிதா: டிக்கெட் வாங்கிக் கொடுத்ததே அப்பாதான், சித்தப்பா. நம் பழைய படங்களில் வில்லன் மது அருந்த, தலையில் இறகு செருகிய பெண் ஆடுவாளே, அதைத்தானே நினைக்கிறீர்கள்? மேடிசன் அவென்யூவில் 1930இல் திறக்கப்பட்ட கார்லைல் ஹோட்டலின் கஃபே கார்லைலில் அதெல்லாம் கிடையாது. ஒருவர் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பாட, ஏறக்குறைய 90 பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கேட்கிறார்கள்.

ராஜி அத்தை: அப்படியென்றால் சபாக் கச்சேரி மாதிரியா?

கவிதா: சபாவைவிட மிகவும் சிறியது, அத்தை. கல்யாண வீட்டுக் கூடத்தில் பாடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பியானோக்காரரின் ஷூ பெடலை அழுத்துவதும், பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதும் எங்கள் மேசைக்கே கேட்டன. நுழைவுக் கட்டணம் தனி, சாப்பாட்டுக் கணக்கு தனி என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது.

முரளி சித்தப்பா: நான் கேலிக்குத்தான் கேட்டேன். அது பியானோ வாசித்துப் பாடும் பாபி ஷார்ட்டின் இடமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். 1968இல், விடுப்பில் போன ஜார்ஜ் ஃபேயருக்குப் பதிலாக இரண்டு வாரம் வாசிக்க வந்தவர், அமெரிக்கப் பாடலாசிரியர் கோல் போர்ட்டரின் பாடல்களைப் பாடிக்கொண்டு 2004 வரை அங்கேயே இருந்துவிட்டார்.

ராஜி அத்தை: இரண்டு வாரத்துக்கு வந்து 36 ஆண்டுகளா? வீட்டோடு மாப்பிள்ளை கூட இப்படித் தங்கியதில்லை.

முரளி சித்தப்பா: அவர் வந்த நேரமும் நல்ல நேரம், அக்கா. 1967 வரை, மது விற்கும் இடத்தில் பாடவோ வாசிக்கவோ வேண்டுமானால், அந்த நகரத்தில் போலீசார் கொடுக்கும் காபரே அட்டை கையில் இருக்க வேண்டும். 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்ற ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேக்கு அது மறுக்கப்பட்டதால், 1948இல் கார்னகி ஹால் என்ற பெரிய அரங்கையே நிரப்பிய அதே குரல் இப்படிப்பட்ட ஒரு சின்ன அறையில் பாட வழியில்லாமல் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ராஜி அத்தை: சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் இடத்தில் யாரும் பேசமாட்டார்களா, கவிதா?

கவிதா: பக்கத்து மேசைக்காரர் ஒருவர் பாட்டின் நடுவே பரிமாறுபவரை அழைத்துச் சத்தமாக ஏதோ கேட்டார், அத்தை. பாடகி நிறுத்தவில்லை, அவர் பக்கம் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தபடியே அடுத்த இரண்டு வரிகளையும் மெதுவாகப் பாடினார். அந்த மனிதர் மெனு அட்டையை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.