தாபரிப்புக் கட்டளை கையில் இருக்கிறது, ஏழு மாதமாகப் பணம் வரவில்லை

மல்லாவி அம்மா:
இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர்களின் அப்பா மாதம் 15,000 ரூபாய் தாபரிப்பு, அதாவது பராமரிப்புப் பணம், கட்ட வேண்டும் என்று நீதவான் நீதிமன்றம் போன வருடம் கட்டளையிட்டது. நான்கு மாதம் நீதிமன்றத்தில் ஒழுங்காகக் கட்டினார். அதன்பின் ஏழு மாதமாக இல்லை. இரண்டு தடவை பிள்ளைகளைப் பார்க்க வந்து 5,000 வீதம் என் கையில் தந்தார். பொலிஸுக்குப் போனேன், நீதிமன்ற விடயம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வவுனியாப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நிற்கிறாராம். மறுபடியும் முதலில் இருந்து வழக்குப் போட வேண்டுமா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
வேண்டாம், தங்கச்சி. கட்டளை உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பணம் வரவில்லை என்று நீங்கள் போய்ச் சொல்லும்வரை அந்தக் கோப்பு அலுமாரியில் தூங்கும். வழக்கு இலக்கத்தோடு அதே நீதிமன்றத்துக்குப் போய், நிலுவையை மாதம் மாதமாக எழுதி நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் கேட்கும் விண்ணப்பம்) கொடுங்கள். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, நிலுவையைத் தண்டப்பணம் அறவிடுவதுபோல் அறவிட நீதவான் பிடியாணை வழங்கலாம். அப்படியும் கட்டாவிட்டால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை மறியல் (சிறை) விதிக்கலாம்.
கையில் வாங்கிய 10,000ஐ மறைக்காதீர்கள். 1,05,000இல் அதைக் கழித்து 95,000 என்று எழுதுங்கள். அவர் அதை மன்றில் சொல்லி நீங்கள் மறைத்தது தெரிந்தால், ஏழு மாதக் கணக்கு முழுவதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

விசுவமடு அக்கா:
நானும் அலைந்தவள்தான். பிடியாணை இரண்டு தடவை ‘ஆள் அங்கே இல்லை’ என்று திரும்பி வந்தது. ஆலையின் பெயர், முதலாளி பெயர், எந்த நேர வேலை, எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். சம்பளத்தில் கழித்துக் கட்டும்படி கேட்கவும் வழி உண்டு. நாட்கூலி என்றால் அது லேசில் பிடிபடாது. அவருடைய மோட்டார் சைக்கிளைப் பிடித்து நிலுவையை எடுக்கலாம் என்று நம்பாதீர்கள். என் வீட்டுக்காரர் அதைத் தம்பியின் பெயருக்கு மாற்றிவிட்டார்!

மல்லாவி அம்மா:
வருமானம் குறைந்துவிட்டது, இனி 5,000தான் என்கிறார். மறியலுக்கு அனுப்பினால் உழைப்பும் போய்விடும் என்று மாமி அழுகிறார்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
குறைக்க வேண்டுமென்றால் அவர்தான் நீதவானிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றும்வரை 15,000தான். மாமியின் கண்ணீர் நியாயமானதுதான், ஆனால் மறியல் வாசல்வரை போனதும் எங்கிருந்தோ காசு பிறப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள்.

மல்லாவி அம்மா:
இன்று போனேன். வழக்கு இலக்கம் எழுதிய துண்டு குடும்ப அட்டைக்குள் இருந்து அகப்பட்டது. பத்திரம் ஏற்றுக்கொண்டார்கள், வழக்கின் அடுத்த தவணை இரண்டு கிழமையில். ஆலையின் பெயரைத்தான் முதலில் கேட்டார்கள், அக்கா.