இடித்துவிட்ட நம்ம டவுன் தியேட்டர்: யாருக்கு என்ன ஞாபகம் இருக்கு?

கோட்டைமுனை:
பெயர் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பு டவுனில் வளர்ந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இடித்த அன்று நான் எதிர்ப்பக்கம் நின்றேன். முன்பக்கம் சீக்கிரமே விழுந்துவிட்டது. பெரிய தூண்கள், ரிக்கெட் கவுண்டர், படங்களின் போட்டோ ஒட்டுகிற கண்ணாடிப் பெட்டி எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தது. மேலே இருந்த, படம் ஓட்டுகிற மெஷின் அறைச் சுவர் மட்டும் இடிக்கிற பெக்கோ இயந்திரத்துக்கு அசையவில்லை.

பழைய நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் மெஷின் அறைக்குத் தடித்த சுவர் வைத்து, வெளிச்சம் போகிற துளைகளுக்கு இரும்பு மூடி போட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் அந்த ஃபிலிம் செய்வதை நிறுத்தியும்கூட அறை அப்படியேதான் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி வயதான ஒருவர். பேச்சுக் கொடுத்தேன், அங்கே ஒப்பரேட்டராக வேலை செய்தவராம். சுவரில் இருந்த இரண்டு துளைகளைக் காட்டினார். "தம்பி, இடப்பக்கம் ஒண்டாம் மெஷின். திரையில மேல, வலப்பக்க மூலையில ஒரு புள்ளி விழும். உடனே மற்ற மெஷின ஓட விடணும். ரெண்டாம் புள்ளிக்கு வெளிச்சத்த மாத்தணும். சனத்துக்குத் தெரியவே கூடாது." பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் ஒரு புள்ளியையும் விடல்ல" என்றார். சுவர் விழுவதற்கு முன்பே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஆயிரக்கணக்கான காட்சிகள் ஓட்டியிருப்பார். அந்த ஒரு வரியை இத்தனை வருஷமும் யாரிடம் சொல்லக் காத்திருந்தாரோ.

கொக்கட்டிச்சோலை:
வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரருக்குப் படம் பார்ப்பது ஒரு முழு நாள் வேலை. வெள்ளாமை வெட்டி, சூடு அடித்து, நெல் விற்ற காசு கைக்கு வந்தால்தான் அந்தப் பேச்சே எடுப்போம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதுவரைக்கும் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போய், ஆரையம்பதிப் பக்கம் பஸ் பிடித்து டவுனுக்கு.

அம்மம்மாவோடு போன ஒரு அம்மன் படம். வாவிப் பக்கம் இருந்த பெண்கள் வாசலால் உள்ளே போனோம். அம்மம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். கடைசியில் அம்மன் திரையில் எழும்பி நிற்கிறா. முன்வரிசையில் யாரோ ஒரு கிழவி குரவை போட்டார். அடுத்த கணம் பெண்கள் பக்கம் முழுக்கக் குரவை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கில் கேட்கிற அதே சத்தம், மூடின மண்டபத்துக்குள்ளே. படத்தின் சத்தமே கேட்கவில்லை. ஆண்கள் பக்கம் விசில் அடித்துக்கொண்டிருந்த பொடியன்களும் எழுந்து நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றைக்குக் கோயிலில் குரவை கேட்டாலும் முதலில் அந்தத் திரைதான் கண்ணுக்குள் வருகிறது.

கல்லடி:
கோட்டைமுனைத் தம்பி, நீங்கள் பார்த்தது பழைய முன்பக்கம் இல்லை. 1978 நவம்பர் 23 புயலுக்குப் பிறகு திருத்திக் கட்டியதைத்தான் பார்த்தீர்கள். அந்த இரவில் கூரை மொத்தமாகப் போனது. மட்டக்களப்பில் அன்று யாருடைய கூரை மிஞ்சியது?

காற்று நின்றதும் விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேலால் ஏறி டவுனுக்கு நடந்தேன். தியேட்டர் வளவுக்குள் கயிறு கட்டி, ஃபிலிமைத் துணி காயப்போடுவது போலத் தொங்க விட்டிருந்தார்கள். நனைந்த ஃபிலிம் சுற்றியபடியே காய்ந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படம் உரிந்துவிடும், அதனால் கழற்றித் தொங்கப்போட்டோம் என்று வேலையாள் சொன்னார். நாங்கள் பொடியன்கள் ஒவ்வொரு கட்டமாகச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். கதாநாயகன் நகத்தளவில், கை தூக்கியபடி. ஊரில் சாப்பாடில்லை, குடிக்கத் தண்ணியில்லை. நாங்கள் அந்தக் கயிற்றுக்குக் கீழே பின்னேரம் வரைக்கும் நின்றோம்.

அப்புறம் ஒன்று. தியேட்டரைக் கொன்றது ரீவியும் வீடியோ டெக்கும்தான். வாடகைக்கு டெக் எடுத்து, ஜெனரேட்டர் போட்டு விடிய விடியப் படம் பார்க்கப் பழகிய சனம் திரும்பி வரவில்லை.

கல்முனை:
எனக்குப் பெரிய கதை இல்லை. வாப்பா மட்டக்களப்புக்குப் போய் வரும்போது கொண்டுவந்த பட நோட்டீஸ்கள் சில வீட்டில் இருக்கின்றன. லவுட்ஸ்பீக்கர் கட்டிய கார் வீசிக்கொண்டு போகுமே, அந்த மெல்லிய கலர்த் தாள். ஆனால் இங்கே எழுதுகிறவர்களிடமும் கட்டாயம் ஏதாவது இருக்கும், அதற்காகச் சொல்கிறேன்.

தயவுசெய்து லாமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்ற முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். மடித்தபடி வைத்தால் மடிப்பில்தான் முதலில் கிழியும், ஆகவே தட்டையாக வையுங்கள். அச்சு எழுத்துள்ள செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். நம்ம பக்கம் கடல் காற்றும் ஈரமும் அதிகம். தரையில், சுவரோடு ஒட்டி வைக்காமல் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் கூடப் போடுங்கள்.

ஃபிலிம் துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் மணந்து பாருங்கள். வினாகிரி வாசம் வந்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது. மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் அவையும் கெடும். அதைத் தனியே எடுத்து, குளிர்ச்சியான இடத்தில், காற்றுப் போகிற மாதிரி வையுங்கள். நோட்டீஸ்களை வெயிலில் இல்லாமல் நிழலில் வைத்து, கைபோனால் படம் எடுங்கள், நேர் மேலிருந்து. பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், சீல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நூலகம் நிறுவனம் 2005 முதல் நம்ம ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது, அவர்களிடம் பிரதி கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முதல், அந்த ஒப்பரேட்டர் ஐயா உயிரோடு இருந்தால் யாராவது போய் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தாள் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும்.

காத்தான்குடி:
கல்லடி நானா சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ரூபவாஹினி ரீவி 1982இல் வந்தது. அதற்குப் பிறகும் பெருநாளைக்கு நாங்கள் சைக்கிளில் கூட்டமாகப் போய், கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பக்க வாகனம் போகும்வரை மற்றப் பக்கம் காத்து நின்று, ஓடிப் போனாலும் ரிக்கெட் கிடைக்காது. வீட்டில் டெக் இருந்தவனும் அந்த வரிசையில் நின்றான். தியேட்டரைக் கொன்றது இரவு இல்லாமல் போனதுதான். ஊரடங்கு, சோதனை, ஆறு மணிக்கே பூட்டுகிற கடைகள். செகண்ட் ஷோ இல்லாத தியேட்டர் எத்தனை நாளைக்கு ஓடும்?

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி. இடைவேளை முடிந்து படம் நல்ல கட்டத்தில் நின்றது. லைட் போட்டார்கள். டவுனில் ஏதோ பிரச்சினை, எல்லாரும் அமைதியாக வீட்டுக்குப் போங்கோ என்றார்கள். வாசலில் மனேஜர் நின்று ஒவ்வொருவருடைய பாதி ரிக்கெட்டிலும் சீல் குத்தினார். "நாளைக்கு இதைக் காட்டினா மிச்சத்தப் பாக்கலாம்." அந்த அவசரத்திலும் ஒருவரையும் விடாமல் குத்தினார். அந்த நாளை வரவில்லை. அந்த ஆகஸ்டில் எங்கள் ஊருக்கு நடந்ததை இங்கே எழுத எனக்கு வரவில்லை. படம் இப்போது யூடியூப்பில் இருக்கிறது. மகன் போட்டுக் காட்டினான், இடைவேளையோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். ரிக்கெட் பர்ஸில் இருக்கிறது.

கொக்கட்டிச்சோலைத் தங்கச்சி, பெண்கள் வாசல் வாவிப் பக்கம் இல்லை. அன்று நாங்கள் வெளியே வந்தது அந்த வாசலால்தான், நேரே ரோட்டில் கால் வைத்தோம்.

கொக்கட்டிச்சோலை:
காத்தான்குடிக் காக்கா, நீங்கள் வந்தது கலரி வாசல். பெண்கள் வாசலுக்கு மூன்று படி இருந்தது, அம்மம்மாவைக் கைபிடித்து இறக்கியது நான். இறங்கினால் முன்னால் தோணி கட்டுகிற இடம். கோட்டைமுனைக்காரர் கடைசி நாளில் அங்கே நின்றவர்தானே, அவர் சொல்லட்டும்.