600 கிராம் குறைஞ்சது, 5,000 ரூபாய் கூடிச்சு: கன்சோல் அனுபவங்களைப் பகிருங்க

தராசுக்காரன்

எங்க வீட்டுத் தொழில் மளிகைக் கடை. எதை வாங்கினாலும் தராசில் ஏற்றிப் பார்க்கிற பழக்கம் தாத்தா காலத்திலிருந்து வருகிறது. 2021-ல் சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வாங்கி வந்த அன்றைக்கே, அரிசி நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன். நாலரை கிலோ. 2023-ல் அதை அத்தை பையனுக்குக் கொடுத்துவிட்டு (பாதிக் காசு இன்னும் வரவில்லை, அது வேற கதை) எனக்கு இன்னொன்று வாங்கினேன். பெட்டியைத் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. தராசில் 3.9 கிலோ.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "முதல்ல என்ன விலை?"

"49,990."

"இது?"

"54,990."

"எடையைக் குறைச்சு விலையை ஏத்திட்டானா? பிஸ்கட் கம்பெனிக்காரன் பண்ற வேலையால்ல இருக்கு!"

மாடல் எண்ணைப் பார்த்தேன். முதலாவது சிஎஃப்ஐ-1008ஏ, இரண்டாவது 1208ஏ. தேடிப் பார்த்ததில், உள்ளே இருக்கிற முக்கியமான சிப் 7 நானோமீட்டரிலிருந்து 6-க்கு மாறியிருக்கிறது என்று தெரிந்தது (சிப் செய்கிற நுட்பத்தின் பெயர் அது, எண் குறையக் குறைய நுணுக்கம் கூடும்). சிப் சின்னதானால் கரண்ட் குறைவு, சூடு குறைவு, அதனால் சூட்டை இழுத்து வெளியே விடுகிற உலோகத் துண்டான ஹீட்சிங்க்கும் சின்னது. இதுவரைக்கும் புரிகிறது. அப்படியென்றால் செய்கிறவனுக்குச் செலவு மிச்சம்தானே? எனக்கு மட்டும் ஏன் ஐயாயிரம் கூடியது?

ஒரே கன்சோலில் பழைய மாடல், புது மாடல் இரண்டையும் கையாண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்பாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சால்டரிங் அண்ணன்

தம்பி, தராசு சரி, கணக்குதான் கொஞ்சம் இடிக்குது. அந்த 600 கிராம்ல பாதி, சிப் மாறுறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நடுவுல 2021-லயே 1100-னு ஒரு மாடல் வந்துச்சு. சிப் அதே 7 நானோமீட்டர்தான். ஹீட்சிங்க்கைக் குறைச்சு 4.2 கிலோவுக்குக் கொண்டு வந்தாங்க. அப்ப நெட்ல ஊரே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு, ஒருத்தன் சூடாகும்ங்கறான், ஒருத்தன் ஆகாதுங்கறான். அடுத்த 300 கிராம்தான் 6 நானோமீட்டர் சிப்போட வந்த 1200 மாடல்ல குறைஞ்சது. அதுக்கும் பின்னாடி 2023-ல ஒல்லியா ஒண்ணு வந்துச்சே, அது 3.2 கிலோ. அதுல சிப்பு உங்க 1208-ல இருக்கிற அதே 6 நானோமீட்டர்தான். எடை குறைஞ்சாலே சிப் சின்னதாயிடுச்சுன்னு சொல்ல முடியாது.

நான் 2003-ல இருந்து இந்த வேலை பாக்கறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மாடிப்படிக்குக் கீழ ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான் கடை. அப்ப வர்றதெல்லாம் குண்டு பிஎஸ்2. அடியில இருக்கிற ரப்பர் மூடியை ஒவ்வொண்ணா நகத்தால கிள்ளி எடுத்து ஸ்க்ரூவைக் கழட்டணும். உள்ள டிவிடி டிரைவ், தனி போர்டா பவர் சப்ளை, பின்பக்கம் ஃபேன், ஹார்ட் டிஸ்க் போட ஒரு பொந்து. மதர்போர்டுல ரெண்டு பெரிய சிப் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும். ஒண்ணு கணக்குப் போடுற எமோஷன் எஞ்சின், இன்னொண்ணு படம் வரையற கிராஃபிக்ஸ் சிந்தசைசர்.

2004 கடைசியில ஸ்லிம் வந்துச்சு. ரெண்டு டிவிடி டப்பாவை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச உயரம், 2.8 சென்டிமீட்டர். கையில வாங்கினவன் எல்லாம் "இதுக்குள்ள என்னண்ணே இருக்கும்?"னு குலுக்கிப் பாப்பான். உண்மையைச் சொல்லணும்னா, பாதி வேலை பொருளை வெளிய தூக்கிப் போட்டதுதான். பவர் சப்ளை அடாப்டராகி வெளிய வந்துடுச்சு, ஹார்ட் டிஸ்க் பொந்தே கிடையாது. மிச்சப் பாதியைத்தான் சிப் செஞ்சுது. சூடு குறைஞ்சதாலதான் அந்தத் தடிமன்ல மூட முடிஞ்சுது. பின்னாடி வந்த 90000 மாடல்ல பவர் சப்ளையைத் திரும்ப உள்ளயே வச்சுட்டாங்க, தடிமன் ஏறல.

நான் மறக்காத ஒண்ணு சொல்றேன். ஒரே வாரத்துல அந்த முதல் ஸ்லிம், எஸ்சிபிஎச்-70000 மாடல், ரெண்டு வந்துச்சு. ஒண்ணு தண்ணி கொட்டினது, இன்னொண்ணு மாடியில இருந்து விழுந்தது. அதுல இருந்து இதுக்கு எடுத்துப் போட்டு ஒண்ணையாவது ஓட வச்சிடலாம்னு ரெண்டையும் திறந்தா, ஒரு போர்டுல பழையபடி ரெண்டு பெரிய சிப், இன்னொரு போர்டுல ஒரே ஒரு சிப்! வெளிய ஸ்டிக்கர்ல அதே நம்பர். உரசிக்கூடப் பாத்தேன். ரெண்டு சிப்பையும் சேத்து ஒரே சிப்பா ஆக்கி, அந்த மாடல் ஓடிக்கிட்டு இருக்கும்போதே உள்ள மாத்தியிருக்காங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. கேம் போடுறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்குத்தான் ரெண்டு நாள் வேலை வீண்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவுல 2000-ல 299 டாலருக்கு வந்த மிஷின், 2009 ஏப்ரல்ல 99 டாலர். எங்க பக்கம் கேம் கடை வச்சு மணிக்கு 20 ரூபா வாங்கிட்டு இருந்தவங்க, ரெண்டு மிஷின் இருந்த இடத்துல நாலு ஸ்லிம்மை அடுக்கினாங்க. அந்த மாதிரி இறக்கத்தை அப்புறம் நான் பாக்கவே இல்ல.

பழைய காசெட்

பிஸ்கட் கேள்விக்காக அப்பாவுக்கு ஒரு வணக்கம். என்கிட்ட இன்னும் 90-கள் காசெட் மிஷின்தான். எத்தனை நானோமீட்டர்னு கேட்டா, ஊதிட்டுப் போடுங்கன்னு சொல்லுவேன்.

வைகைப் பயணி

என் அனுபவம் விலையைப் பற்றி இல்லை, ரயிலைப் பற்றி. எழும்பூரிலிருந்து மதுரைக்கு மாதம் ஒருமுறை வைகையில் போகிறவன். 2017-ல் துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருந்தேன். மதியம் வண்டி கிளம்பியதும் செல்டா கேம் ஆரம்பித்தால், விருத்தாசலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பேட்டரி சிவப்பாகிவிடும். சார்ஜர் பாயிண்டுக்கு ஜன்னல் சீட்காரரிடம் கெஞ்ச வேண்டும்.

2019-ல் பேட்டரி நீடிக்கிற புது மாடல் வந்தது. நின்டெண்டோவே சொன்ன கணக்கு: பழையது இரண்டரை மணி முதல் ஆறரை மணி வரை, புதியது நாலரை முதல் ஒன்பது வரை. விசேஷம் என்னவென்றால் பேட்டரி அதே 4310 எம்ஏஎச். திரை அளவு அதே, உருவமும் அதே. உள்ளே என்விடியா டெக்ரா சிப் 20 நானோமீட்டரிலிருந்து 16-க்குப் போயிருந்தது.

நம் ஊரில் அப்போது நின்டெண்டோவுக்கு அதிகாரபூர்வ விற்பனை இல்லாததால், வெளியிலிருந்து கொண்டு வந்து விற்கிற கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் "புதுசுதான் சார், நேத்துதான் வந்துச்சு" என்று ஒன்றை எடுத்து வைத்தார். நேற்று வந்திருக்கலாம், ஆனால் அது பழைய மாடல். புது மாடலின் பெட்டி முழுக்கச் சிவப்புப் பின்னணியில் இருக்கும், சீரியல் எண் எக்ஸ்கேடபிள்யூ என்று தொடங்கும். இவர் நீட்டியதில் எக்ஸ்ஏடபிள்யூ. சொன்னதும் முகம் மாறாமல் உள்ளே போய்ச் சிவப்புப் பெட்டியை எடுத்து வந்தார். எனக்கு முன்னால் எத்தனை பேர் தலையில் கட்டினாரோ!

அந்த மாதமே வைகையில் சோதனை. விருத்தாசலம் போனது, திருச்சி போனது, மணப்பாறையில் முறுக்கு வாங்கும்போதுதான் சார்ஜர் ஞாபகமே வந்தது. ஆனால் விலை? அமெரிக்காவில் 2017-ல் 299.99 டாலர், புது மாடலும் 299.99. சிப்பில் கிடைத்த ஆதாயம் எங்கள் பைக்கு வரவில்லை, பேட்டரிக்கு வந்தது. கொஞ்சம் ஸ்விட்ச் லைட்டுக்கும் போனது என்று வைத்துக்கொள்ளலாம். அதே புதுச் சிப்பை வைத்துச் சின்ன உடம்போடு 199.99 டாலருக்கு விட்டார்கள்.

லேஅவுட் அக்கா

நான் பெங்களூரில் சிப் வடிவமைப்பில் இருக்கிறேன். கன்சோல் சிப் எதிலும் வேலை பார்த்ததில்லை, ஆனால் அந்த அப்பாவின் கேள்வி தினமும் எங்கள் மேஜைக்கு வருகிற கேள்விதான்.

எங்கள் அலுவலகத்தில் 300 மில்லிமீட்டர் வேஃபர் (சிப்களை வெட்டி எடுக்கிற வட்டமான சிலிக்கான் தகடு) ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி நான் சொல்வது: வட்டத் தாம்பாளத்தில் கொட்டிய பர்ஃபி இது. சதுரமாக வெட்டினால் ஓரத்துத் துண்டெல்லாம் வீண். துண்டு சின்னதானால் ஓரத்தில் வீணாவதும் குறையும். தாம்பாளத்தில் நாலு இடத்தில் தூசி விழுந்திருந்தால் நாலு துண்டு போச்சு. பெரிய துண்டாக வெட்டியிருந்தால் கால்வாசித் தட்டே போயிருக்கும்.

தராசுத் தம்பியின் பழைய பிஎஸ்5 சிப் ஏறக்குறைய 308 சதுர மில்லிமீட்டர், புதியது 260 பக்கம். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வேஃபரில் முதலாவது 190 போலத் தேறும், இரண்டாவது 230. தூசி விழுந்ததையும் முடிந்தவரை தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்வார்கள். பிஎஸ்5 சிப்பில் கிராஃபிக்ஸ் பிரிவுகள் 40 செதுக்கப்பட்டிருக்கும், 36 மட்டும் வேலை செய்யும். பிஎஸ்3-இன் 'செல்' என்கிற முக்கியச் சிப்பிலும் துணைக் கருக்கள் எட்டு, பயன்படுத்தியது ஏழு. மிச்சம் உள்ளது பழுதுக்கு ஒதுக்கியது.

இனி விலை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு படியிலும் சிப் உண்மையாகவே சுருங்கியது. சால்டரிங் அண்ணன் சொன்ன அந்த இரண்டு பிஎஸ்2 சிப்களும் தொடக்கத்தில் சேர்த்துப் பார்த்தால் 500 சதுர மில்லிமீட்டருக்கு மேல். 90 நானோமீட்டரில் ஒன்றாக்கியபோது 86. செல் சிப் 235-லிருந்து 175, அங்கிருந்து 115. பிஎஸ்3-இன் விலை மாடலைப் பொறுத்து 499, 599 டாலரில் தொடங்கி மூன்றே வருஷத்தில் 299-க்கு வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு (முதல் மாடல்களுக்குள் இருந்த பிஎஸ்2 சிப்பைத் தூக்கியது போன்ற சிக்கனங்களும் சேர்த்து).

இப்போது 308-லிருந்து 260, அவ்வளவுதான். 6 நானோமீட்டர் என்பது 7-இன் விதிகளையே வைத்துக்கொண்டு கொஞ்சம் நெருக்கிக் கட்டியது. அதனால்தான் அதிகச் செலவில்லாமல் மாற முடிந்தது. அதற்கு மேல் போனால் வேஃபர் விலையே எகிறுகிறது. சிப்புக்குள் இருக்கிற எஸ்ரேம் நினைவகமோ சுருங்க மறுக்கிறது. சிப் தயாரிக்கிற தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சி-யின் 5 நானோமீட்டரிலும் என்3இ என்கிற 3 நானோமீட்டரிலும் ஒரு எஸ்ரேம் செல்லின் பரப்பு ஒன்றேதான். தாம்பாளம் வெள்ளியாகிவிட்டது, பர்ஃபி மட்டும் பழைய அளவு.

வைகைப் பயணிக்கு: உங்கள் ஸ்விட்சில் நடந்தது 20-க்கும் 16-க்கும் உள்ள நாலு எண் வித்தியாசம் இல்லை. 20-இல் தட்டையான டிரான்சிஸ்டர் (மின்சாரத்தைத் திறந்து மூடுகிற நுண்ணிய சுவிட்ச்), மூடிய குழாயில் சொட்டுகிற மாதிரி மின்சாரம் கசியும். 16-இல் ஃபின்ஃபெட் என்று செங்குத்தாக எழுப்பிவிட்டார்கள். குழாயை நன்றாகத் திருகி மூட முடிந்தது. மணப்பாறை வரை போனது அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் உடையது. 2005-இல் சிபியூவும் (கணக்குப் போடுகிற சிப்) ஜிபியூவும் (படம் வரைகிற சிப்) தனித்தனியாக 90 நானோமீட்டரில் வந்தன. சூட்டில் மிஷின்கள் பழுதானது ஊரறிந்த கதை. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்டே உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் அதற்கென ஒதுக்கியது. 2010-இல் இரண்டையும் 45 நானோமீட்டரில் ஒரே சிப்பாக்கினார்கள். பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டதால் இரண்டும் முன்பைவிட வேகமாகப் பேசிக்கொள்ள முடியும். ஆனால் பழைய விளையாட்டுகளெல்லாம் அந்த மெதுவான பேச்சை நம்பி எழுதப்பட்டவை. அதனால் பழைய தாமதத்தை அப்படியே நடித்துக் காட்ட ஒரு பகுதியை வேண்டுமென்றே சிப்புக்குள் கட்டினார்கள். வேகமாக்குவதற்குச் சம்பளம் வாங்குகிற எனக்கு, அந்தப் பொறியாளர்களை நினைத்தால் பரிதாபமாகவும் பொறாமையாகவும் இருக்கிறது.

கடைசியாக அந்த ஐயாயிரம். தம்பி, அது சிப் கணக்கே இல்லை. இங்கே பிஎஸ்5 அறிமுகமான 2021 பிப்ரவரியில் டாலர் 73 ரூபாய். விலை ஏறிய 2022 நவம்பரில் 82 பக்கம். 49,990-ஐ 73-ஆல் வகுத்துப் பாருங்கள், 54,990-ஐ 82-ஆல் வகுத்துப் பாருங்கள்.

தராசுக்காரன்

வகுத்தேன். 685 டாலர், 671 டாலர். அப்பாவிடம் காட்டினேன். "அப்ப பிஸ்கட்காரன் இல்ல, ரூபாய்தான் இளைச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குப் புளி நிறுக்கப் போயிட்டார். ஆனா அக்கா, அமெரிக்காவிலேயே 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றி 549.99 ஆக்கிட்டாங்களே, அங்கே ரூபாய் பேச்சே இல்லையே? அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சால்டரிங் அண்ணே, ஒரு உதவி. அத்தை பையன் மிஷினையும் என்னுடையதையும் திறந்து, இரண்டு ஹீட்சிங்க்கையும் தனியாக நிறுத்துப் பார்க்க ஆசை. வீட்டிலேயே திறக்கலாமா?

சால்டரிங் அண்ணன்

வெள்ளைத் தகட்டைக் கழட்டி ஃபேன்ல தூசி தட்டறதோட நிறுத்திக்கங்க. பிஎஸ்5-ல சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல பேஸ்ட் இல்ல, லிக்விட் மெட்டல். ஒரு சொட்டு போர்டுல ஓடினா ரெண்டு மிஷினும் என் மேஜைக்குத்தான் வரும். சனிக்கிழமை காலைல எடுத்துட்டு வாங்க. தராசையும் கொண்டாங்க, என்கிட்ட இருக்கிறது அஞ்சு கிராமுக்கு மேல காட்டாது.