ஆரஞ்சுப் பழக் கதை

பள்ளிக்கூட வயதில் யாரைப் படித்துக் கிறங்கிப்போனீர்கள் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் தி. ஜானகிராமன். ஆனால் அந்தப் பெயரோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் குடவாசல் பக்கம் ஒரு கிராமம். அப்பா, அம்மா, அப்பாயி மூன்று பேரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். 1994-இல் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். ஆற்றில் மணல்தான் கிடந்தது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால்தான் நடவு, நடவு வந்தால்தான் வீட்டில் எல்லோருக்கும் வேலை. ஜூன் 12 என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமான தேதி, அது வரும்வரை பகல் நகரவே நகராது. அந்த வெயிலுக்குப் பயந்துதான் கிளை நூலகத்துக்குள் போனேன். துப்பறியும் நாவல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துத் தூசி தட்டி, “இதப் படிச்சுப் பாரு தம்பி, தேவங்குடிக்காரர், நம்ம பக்கந்தான்” என்று கொடுத்தார். பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் மூன்றே மூன்று முத்திரை, கடைசி முத்திரை ஆறு வருஷம் பழசு.

நம்ம பக்கம் என்று அவர் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. கதை என்றால் மெட்ராஸில் நடக்கும், இல்லையென்றால் ராஜாக்கள் காலத்தில் நடக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்தப் புத்தகத்தில் நான் ஏறி இறங்கிய மீட்டர் கேஜ் ரயில் ஓடியது, எங்கள் பக்கத்து ஆட்கள் இழுத்து இழுத்துப் பேசுகிற மாதிரியே ஆட்கள் பேசினார்கள்.

அதில் ‘சிலிர்ப்பு’ என்று ஒரு கதை. அப்பாவோடு ரயிலில் வருகிற ஒரு சின்னப் பையன், தான் தின்னாமல் வைத்திருந்த ஆரஞ்சை, கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒரு சிறுமியிடம் கொடுத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. எங்கள் அக்கா பன்னிரண்டு வயதில் மெட்ராஸில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவள். கும்பகோணம் ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிடும்போது நானும் கூடப் போயிருந்தேன். அவள் கையில் ஒரு துணிப்பை, என் கையில் அவள் அம்மாவிடம் காசு கேட்டு எனக்காக வாங்கிக் கொடுத்த முறுக்குப் பொட்டலம். வண்டி நகர்ந்தபோது நான் முறுக்கைத்தான் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கதையை முடித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராத்திரி அப்பாயிக்கு அதை வாசித்துக் காட்டினேன். அதற்கு எழுத்து தெரியாது. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, ஆரஞ்சைக் கொடுக்கிற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. “அந்தப் புள்ள உடனே தின்னுச்சா, மடியில வச்சுக்கிச்சா?” என்று கேட்டது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் விடவில்லை. ‘செய்தி’ கதையில் மொழி தெரியாத ஒரு வெள்ளைக்காரர் நாகசுரத்தில் ‘சாந்தமுலேகா’ கீர்த்தனையைக் கேட்டுவிட்டு அதிலிருக்கும் சாந்தத்தைத் தானாகவே பிடித்துக்கொள்வார். அதைப் படித்ததிலிருந்து கோயில் திருவிழாவில் நாகசுரக்காரர் பக்கத்திலேயே போய் நின்றேன். அவருடைய ‘மோகமுள்’ நாவலைப் படித்து முடித்த வாரம் பஸ் ஏறிக் கும்பகோணம் போய், துக்காம்பாளையத் தெரு எது என்று விசாரித்து அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்தேன். நாவலில் வரும் யமுனாவின் வீடு எதுவாக இருக்கும் என்று ஒவ்வொரு திண்ணையாகப் பார்த்துக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தத் திண்ணைகளைப் பார்த்து நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இவர் கதைகளில் நான் கூடவே நடக்கிறேன், ஆனால் எங்கள் ஆட்கள் அதில் எங்கே? கூடத்தில் நடப்பது அவ்வளவும் நுணுக்கமாக இருக்கிறது, வயலில் குனிந்து நிற்பவர்கள் தூரத்தில்தான் தெரிகிறார்கள். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை, தாகம்தான் வந்தது.

பிளஸ் டூ படிக்கும்போது விவசாயத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் அலமாரியில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ கிடைத்தது. 1975-இல் வந்த நாவல், 1977-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதை வைத்து எழுதியது. வெண்மணி என்கிற பேரை எங்கள் தெருவில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், நான் அதை அச்சில் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். ஒரே மூச்சில் படித்தேன். நிலக்காரரின் அந்தரங்கக் குறையை அவ்வளவு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது எனக்கு அப்போதும் ஒட்டவில்லை, இப்போதும் ஒட்டவில்லை. கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள், அதுதான் விஷயம் என்றே நான் வீட்டில் கேட்டு வளர்ந்தேன். ஆனாலும் டெல்டாவைப் பற்றி நாவல் எழுத உட்கார்ந்தவர் அந்தக் குடிசையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதற்காக அவரை மறக்கமாட்டேன். வெண்மணியைப் பற்றிச் சோலை சுந்தரபெருமாள் எழுதிய ‘செந்நெல்’லைப் பிற்பாடு படித்தேன், அது எங்கள் பேச்சுக்கும் மண்ணுக்கும் இன்னும் கிட்டத்தில் இருந்தது.

இன்னொன்று கேள்விப்பட்டபோது உடம்பு சிலிர்த்தது. இந்திரா பார்த்தசாரதிக்குக் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் தி. ஜானகிராமன். எனக்கு வெவ்வேறு அலமாரிகளில் கிடைத்த இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே வகுப்பறையில் இருந்திருக்கிறார்கள்.

‘குருதிப்புனல்’ படித்த வாரத்தில் அதையும் அப்பாயிக்கு வாசித்துக் காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதைப் பற்றிய கதை என்று கேட்டது, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டது.

“அது எனக்குத் தெரியும்டா. நீ அந்த ஆரஞ்சுப் பழக் கதையப் படி.”