இஎல்84 புஷ்-புல்: கேத்தோடைனை நேரடியாக இணைக்கலாமா?

கேள்வி (சோக்காயில்):
மோனோ ஆம்ப்ளிஃபையர். அவுட்புட்டுக்கு இரண்டு இஎல்84 வால்வு, முன்னால் ஒரு இசிசி83 (ஒரே வால்வில் இரண்டு டிரையோடு). சால்டரிங் அயர்ன் சூடாகும் முன் சர்க்யூட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இசிசி83-இன் முதல் பாதி கெயின் ஸ்டேஜ்: பிளேட்டில் 100கே (கிலோ ஓம்), கேத்தோடில் 1.5கே. இரண்டாம் பாதி கேத்தோடைன் (சிக்னலை எதிரெதிராக இரண்டாகப் பிரித்து இரு இஎல்84-க்கும் கொடுப்பது): மேலே 47கே, கீழே 47கே, முதல் பிளேட்டிலிருந்து கப்பாசிட்டர் இல்லாமல் நேரடி இணைப்பு. இந்த வால்வுக்கு சப்ளை 270 வோல்ட். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 8கே, ஸ்கிரீனுக்கு 43% டேப் (அல்ட்ரா-லீனியர்), ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம். பவர் டிரான்ஸ்ஃபார்மர் 250-0-250, 150 மில்லிஆம்ப். ஹீட்டர் வைண்டிங் 6.3 வோல்ட், 2 ஆம்ப். ரெக்டிஃபையருக்கு இஇசட்81 வால்வு போடவா, 1என்4007 சிலிக்கான் டயோடு போடவா? 12 டெசிபல் ஃபீட்பேக் வேண்டும், ரெசிஸ்டரை எப்படிக் கணக்கிடுவது?

பதில் (கிரிட்லீக்):
நேரடி இணைப்பு இந்த வால்வில் நடக்காது. 100கே / 1.5கே என்றால் கரண்ட் சுமார் 0.95 மில்லிஆம்ப், பிளேட் 175 வோல்ட்டில் நிற்கும். அதை அப்படியே கேத்தோடைன் கிரிட்டுக்குக் கொடுத்தால் கேத்தோடும் 175-ஐத் தாண்டி ஏறப் பார்க்கும். கீழ் 47கே-யில் 175 என்றால் மேல் 47கே-யிலும் அதே 175. மொத்தம் 350. உங்களிடம் இருப்பதோ 270, அதிலும் வால்வுக்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். விளைவு: கிரிட் கரண்ட் ஓடும், அலை ஒரு பக்கம் நசுங்கும். நேரடி இணைப்புக்கு முதல் பிளேட் 75–80 வோல்ட்டில் இருக்க வேண்டும். அதற்கு இஎஃப்86 மாதிரி பென்டோடு வைப்பதே வழக்கம்.

இசிசி83-ஐயே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இடையில் 0.047 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கப்பாசிட்டர் போடுங்கள். கேத்தோடின் கீழ் முதலில் 1.5கே, அதன் கீழ் 47கே. 1 மெகா ஓம் கிரிட் லீக்கை (கிரிட்டின் டிசி வோல்ட்டேஜை நிலைநிறுத்தும் ரெசிஸ்டர்) கிரவுண்டுக்குக் கொண்டுபோகாமல் அந்த 1.5கே-யும் 47கே-யும் சேரும் இடத்தில் கட்டுங்கள். கரண்ட் ஏறத்தாழ 1 மில்லிஆம்ப், கேத்தோடு 47–49 வோல்ட், பிளேட் 220-க்குப் பக்கம். இஎல்84 கிரிட்டுக்கு 14 வோல்ட் பீக் போதும் என்பதால் தாராளமாக இடம் இருக்கிறது.

ஃபீட்பேக் கணக்கு: முதல் கேத்தோடில் 1.5கே-யை 100 மைக்ரோஃபாரட்டால் பைபாஸ் செய்து, அதன் கீழ் பைபாஸ் இல்லாத 100 ஓம் போடுங்கள். கெயின் சுமார் 55. ஒவ்வொரு இஎல்84 கிரிட்டுக்கும் 10 வோல்ட் ஆர்எம்எஸ்; கேத்தோடைன் 0.9 மடங்குதான் கொடுக்கும், ஆக முதல் பிளேட்டில் 11 வோல்ட், இன்புட்டில் 0.2. 8 ஓமில் 10 வாட் என்பது 8.9 வோல்ட். மொத்த கெயின் 45. 12 டெசிபல் என்றால் நான்கு மடங்கு குறைப்பு: பீட்டா (அவுட்புட்டில் திருப்பிக் கொடுக்கும் பங்கு) 3/45, அதாவது 1/15. 100 ஓமுக்கு 1.4கே வருகிறது, அவுட்புட்டிலிருந்து அந்த 100 ஓமின் மேல் முனைக்கு 1.5கே போடுங்கள். முழு பவருக்கு இன்புட் 0.8 வோல்ட் ஆகும். லைன் லெவலுக்கு இது சரி.

பதில் (ஸ்கிரீன்டேப்):
கிரிட்லீக் சொன்னதில் மாற்றமில்லை. எனக்கு உறுத்துவது பவர் சப்ளை.

இஎல்84 ஒன்றுக்கு 0.76 ஆம்ப், இசிசி83-க்கு 0.3. ஹீட்டருக்கே 1.82 ஆம்ப் போய்விடும். இஇசட்81 இன்னொரு 1 ஆம்ப் கேட்கும், உங்கள் 2 ஆம்ப் வைண்டிங் தாங்காது. ஆக சிலிக்கான்தான். ஆனால் 250 × 1.414 = 353; லோடிலும் 340 பக்கம் நிற்கும். இஎல்84 பிளேட்டின் உச்ச வரம்பு 300 வோல்ட், 12 வாட். 220-0-220 வைண்டிங் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் முதல் கப்பாசிட்டருக்குப் பின் 390 ஓம், 10 வாட். 83 மில்லிஆம்பில் 32 வோல்ட் குறையும், ஹம்மும் குறையும். டயோடு ஒவ்வொன்றின் மீதும் ரிவர்ஸில் 700 வோல்ட்டுக்கு மேல் விழும், எனவே பக்கத்துக்கு இரண்டு 1என்4007 தொடராக. வால்வு சூடேறும் வரை முழு 353 வோல்ட்டும் நிற்கும். கப்பாசிட்டர்கள் 450 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 220கே, 2 வாட் பிளீடரை (ஆஃப் செய்த பின் கப்பாசிட்டரை வடிக்கும் ரெசிஸ்டர்) மறக்க வேண்டாம்.

இரண்டு இஎல்84 கேத்தோடுக்கும் பொதுவாக ஒரே 130 ஓம் போடுவது தப்பில்லை, ஆனால் எந்த வால்வு எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாது. தனித்தனியாக 270 ஓம், 3 வாட். ஒவ்வொன்றுக்கும் 220 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். 10.8 வோல்ட் காட்டினால் 40 மில்லிஆம்ப், ஸ்கிரீன் கரண்டும் அதில் அடக்கம். ஹீட்டர் சென்டர் டேப்பை கிரவுண்டுக்குப் பதில் இந்த கேத்தோடுகளில் ஒன்றில் கட்டினால் ஹம் இன்னும் அடங்கும்.

கிரிட் ஸ்டாப்பர் (வால்வு தானாக ஊளையிடாமல் தடுக்கும் ரெசிஸ்டர்) 4.7கே பின் 2-லேயே, ஸ்கிரீனுக்கு 100 ஓம் பின் 9-லேயே சால்டர் செய்யுங்கள். இடையில் ஒயர் நீண்டால் ஸ்டாப்பர் போட்டும் பயனில்லை. பின் 1, 6, 8 காலியாகத் தெரிகிறதே என்று டேக் மாதிரி பயன்படுத்தாதீர்கள், உள்ளே இணைப்பு இருக்கலாம்.

சோக்காயில்:
220-0-220 சொல்லிவிடுகிறேன். ஃபீட்பேக் ஒயரை எந்தப் பக்கம் கட்டுவது என்று எப்படித் தெரியும்?

கிரிட்லீக்:
ஊகிக்க வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றி 8 ஓம், 25 வாட் ரெசிஸ்டரைக் கட்டுங்கள். லோடு இல்லாமல் சிக்னல் கொடுத்தால் பிரைமரி இன்சுலேஷன் போகலாம். 1 கிலோஹெர்ட்ஸ் சிறிய சிக்னல் கொடுத்து அவுட்புட்டை அளந்துவிட்டு, 1.5கே ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒயரை அவுட்புட்டோடு இணைத்துப் பாருங்கள். நான்கில் ஒன்றாகக் குறைந்தால் சரி. கூடினாலோ ஊளையிட்டாலோ ஆஃப் செய்து, பிளீடர் வடியவிட்டு, இரண்டு பிளேட் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். அல்ட்ரா-லீனியர் என்பதால் ஸ்கிரீன் டேப் ஒயர்களையும் கூடவே மாற்ற வேண்டும். பிறகு 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்கொயர் வேவ். விளிம்பில் அதிர்வு தெரிந்தால் அந்த ஃபீட்பேக் 1.5கே-க்கு இணையாக 1 நானோஃபாரட்டில் தொடங்குங்கள்.