ஸ்லிப்பர் கிளட்ச்: ஏலகிரி இறக்கத்தில் தெரியும் தேய்மானம்

கியரை இறக்கும்போது பின்சக்கரம் எஞ்சினைத் தள்ளினால் தானாகக் கொஞ்சம் பிடி தளரும் பைக் கிளட்ச்தான் ஸ்லிப்பர் கிளட்ச். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் இறங்கும்போது பின்சக்கரம் தத்துகிறது என்றால், உடனே கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீங்க. பிளேட் தேய்ந்தால் ஏற்றத்தில்தான் முதலில் காட்டும். ஐந்தாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஒரேயடியாக ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பாருங்க. வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறினால் அது முன்பக்க வழுக்கல், அதாவது எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது வரும் வழுக்கல். அதற்குக் காரணம் பிளேட், ஸ்ப்ரிங், ஆயில், இல்லையென்றால் ஃப்ரீ பிளே (தளர்வான ஆட்டம்) இல்லாத கேபிள். லிவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. ஆட்டம் பல வண்டிகளுக்குப் போதும்.

பின்சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது பார்க்கும் பின்பக்கச் சோதனை வேறு. ஆளில்லாத நேர் ரோட்டில் மூன்றாவது கியரில் 5,000 ஆர்.பி.எம். வரை போய், ஆக்ஸிலேட்டரை விட்டு, இரண்டுக்கு இறக்கி லிவரை விடுங்க. விரலில் லேசாகத் துடிப்பு வந்து ஆர்.பி.எம். நிதானமாக ஏறினால் ஸ்லிப்பர் வேலை செய்கிறது. பலர் அந்தத் துடிப்பைக் கோளாறு என்று நினைத்துக் கிளட்ச் கவரைக் கழற்றிவிடுகிறார்கள். அது கோளாறே இல்லை. டயர் தத்தினால் ராம்ப் (பிடியைத் தளர்த்தும் சரிவு) திறக்கவில்லை. எஞ்சின் பிரேக்கிங்கே இல்லாமல் வண்டி உருண்டால் அளவுக்கு மீறி வழுக்குகிறது.

*

மேலே சொன்ன தத்தலுக்குத் தொளதொளத்த செயினும், பின்சக்கர ஹப்பின் நைந்த ரப்பரும்கூடக் காரணமாகும். கவரில் கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டையும் பார்த்திடுங்க.

*

கழற்றினதும் முதல்ல ராம்பைத்தான் பார்க்கணும். கிளட்ச் ஹப்பிலும், பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டிலும் சரிவான முகம் இருக்கும். பின்சக்கரம் எஞ்சினைவிட வேகமா ஹப்பைத் தள்ளும்போது பிரஷர் பிளேட் அந்தச் சரிவில் ஏறித் தூக்கும், பிடி தளரும். நகத்தால் வருடினால் தட்டுற அளவுக்குப் படி விழுந்திருந்தா பிளேட் அதில் சிக்கிக்கும். பழையபடி ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது 'டக்'னு பிடிக்கிறது இதனாலதான். எமரி போட்டுத் தேய்க்கவே கூடாது, சரிவின் கோணமே மாறிடும். ஹப்பையும் பிரஷர் பிளேட்டையும் ஜோடியா மாத்துங்க.

அசிஸ்ட் சேர்ந்த வகைகள் பலவற்றில் மூணே ஸ்ப்ரிங்தான். இழுக்கும்போது ராம்பே பிளேட்டை இறுக்கும், அதனால லிவர் லேசா இருக்கு. வழுக்குதேன்னு கடினமான ஸ்ப்ரிங் போட்டா ஏற்றத்தில் சரியான மாதிரி தெரியும், இறக்கத்தில் ஸ்லிப்பர் செத்துடும். இந்த வைத்தியத்தை யாரும் செய்யாதீங்க.

பிளேட்டைத் தனித்தனியா அளந்தா மட்டும் பத்தாது. முழு அடுக்கின் உயரத்தையும் வெர்னியரில் பார்த்து கையேட்டோட ஒப்பிடணும். அடுக்கு தாழ்ந்தா ஸ்ப்ரிங் அழுத்தம் குறையும். சில கம்பெனிகள் ஸ்டீல் பிளேட்டை வேறு வேறு தடிமனில் தருவது அதைச் சரிக்கட்டத்தான். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல வெச்சு ஃபீலர் கேஜ் விட்டா நெளிவு தெரிஞ்சிடும். நீலம் பாய்ஞ்சிருந்தா வெந்துபோச்சு. கிரீன் சர்க்கிள் நெரிசலில் வேலூர் வெயிலோட பாதி கிளட்ச்சில் ஊர்ந்தா இதுதான் நடக்கும்.

*

மாட்டும்போது நடக்கும் தப்பையும் எழுதிடறேன். புது பிளேட்டை முந்தின ராத்திரியே எஞ்சின் ஆயிலில் ஊறப்போடணும். ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 முத்திரை உள்ள ஆயில் மட்டும். எரிபொருள் மிச்சம்னு விக்கிற கார் ஆயிலில் வழுக்கல் மருந்து சேர்த்திருப்பாங்க. ஜடர் ஸ்ப்ரிங்கின் (கிளட்ச் பிடிக்கும்போது அதிராமல் தாங்கும் குழிந்த வளையம்) குழிவுப் பக்கம் எந்தத் திசையில இருந்ததுன்னு கழற்றும்போதே போட்டோ எடுத்துக்குங்க. ஹப்பிலும் பிரஷர் பிளேட்டிலும் புள்ளி அடையாளம் இருந்தா ரெண்டும் நேருக்கு நேர் வரணும். வரலைன்னா பிளேட் உட்காராது, அந்த நிலையில போல்ட்டை இறுக்கினா அலுமினியத் தூண் உடையும். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் ஒட்டி, குறுக்குக் குறுக்கா மூணு தவணையில.

தண்ணி பம்ப் அதே கவரில் இருக்கிற வண்டியில கூலண்ட்டை முன்னாடியே வடிச்சிடுங்க. பேக்கிங் புதுசு, நடு நட்டோட லாக் வாஷரும் புதுசு.